ஒன்பது அங்குலத் திரை

ஜூன் 3, திங்கள்

இன்றும் டாக்ஸி கேட் தூணில் உரசிவிட்டது. இடதுபக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போயிற்று. வீட்டு ஓனர் அந்தத் தூணைக் கோணலாகக் கட்டி வைத்திருக்கிறார். எட்டு வருடமாக இதே வீடு, இதே தூண்தான். முன்பெல்லாம் உரசியதில்லை, மார்ச்சிலிருந்து இது நான்காவது முறை. “தூண் நகருதோ என்னமோம்மா” என்று தாரணி கேலி செய்தாள். நான் தோசை ஊற்றினேன்.

குறை வண்டியில் பாட்டும் மேப்பும் ஓடுகிற செட்டில்தான். கம்பெனியே போட்டுக் கொடுத்தது. திரை என் உள்ளங்கை அகலம். அதிலுள்ள மேப் ஐந்து வருடப் பழசு. ஒருவழியாக்கின ரோட்டுக்குள் நேராகப் போகச் சொல்கிறது. ஸ்பீக்கர் வேறு கரகரக்கிறது. வழியைக் குனிந்து பார்த்தால் ரோடு தவறுகிறது, ரோட்டைப் பார்த்தால் வழி தவறுகிறது. இதில் யார் ஓட்டினாலும் தூணில்தான் உரசுவார்கள்.

புதன்கிழமை ட்ரிப் இல்லை. ரியாஸ் கடையில் விட்டு செட்டை மாற்றிவிட வேண்டும்.

அரிசி தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 5, புதன்

காலை பத்துக்கே ரியாஸ் கடைக்குப் போய்விட்டேன். காட்டூரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்டாண்டில் பாதி வண்டிகளுக்கு அவர்தான் செட் மாட்டினார்.

“என்ன மாதிரி வேணும்க்கா?”

“பெருசாத் தெரியணும். சத்தமாச் சொல்லணும்.”

“பாட்டுக்கா?”

“வழிக்கு.”

ஒன்பது அங்குலத் திரை எடுத்துக் காட்டினார். தமிழில் வழி சொல்லும். டேஷ்போர்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையை விட்டு நெம்பினார். ‘டக் டக்’ என்று கிளிப்புகள் கழன்றன. கம்பெனி செட்டை வெளியே இழுத்து வயர்களைக் கழற்றியதும் அந்த இடம் பல் பிடுங்கின மாதிரி ஓட்டையாக நின்றது.  இந்த வண்டியை வாங்கி ஐந்து வருடத்தில் அதன் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

“கம்பெனி வயரை நான் வெட்ட மாட்டேன்க்கா. வயர் முனையில கப்ளர் சொருகித்தான் மாட்டுவேன். என்னைக்காவது பழைய செட்டு வேணும்னா அப்படியே திருப்பி மாட்டிக்கலாம்.”

நாலு கதவிலும் புது ஸ்பீக்கர். ஸ்டீயரிங் பட்டனும் வேலை செய்கிறது. ஓட்டிப் பார்க்க ஒரு சுற்று போனோம். “இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்” என்று அந்தப் பெண்குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. ரியாஸ் பக்கத்து சீட்டில் இருந்தபடி இரண்டு தடவை “அக்கா, லெஃப்ட்ல பஸ்சு” என்றார். மூன்றாவது தடவை கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெண் டிரைவர் என்றால் எல்லா ஆம்பிளைகளும் இப்படித்தான். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

கிணத்துக்கடவு ட்ரிப். காலை ஏழரைக்கு செல்வநாயகியும் அவள் மகள் மித்ராவும் வாசலிலேயே நின்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அவர்களைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. இரண்டு வருடமாக ஒரு வியாழக்கிழமைகூடத் தவறியதில்லை. மித்ராவுக்கு ஆறு வயது. அவள் உடம்பில் ரத்தம் தங்காது. பிறத்தியார் ரத்தம் ஏற்றித்தான் ஓடுகிறது. அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்பப் பதினைந்து நாள். பஸ் கூட்டத்தில் குழந்தையை ஏற்றினால் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார்.

புதுத் திரையைப் பார்த்ததும் மித்ராவுக்கு ஒரே சந்தோஷம். “இடதுபுறம் திரும்பவும்” என்று அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டினாள்.

கிணத்துக்கடவு தாண்டியதும் அவளிடம் ஒரு விளையாட்டுச் சொன்னேன். “மித்ரா, நீ இடதுபக்கம் சன்னலோரம்தான உக்காந்திருக்கற? அந்தப் பக்கம் என்னென்ன வருதோ எல்லாம் சொல்லிக்கிட்டே வா. ஒண்ணு விட்டாலும் நீ அவுட்டு.”

“மாடு சொல்லணுமா டிரைவர் பெரியம்மா?”

“மாடு, சைக்கிளு, ஆளு, வண்டி, எல்லாந்தான்.”

பொழுது போக வேண்டுமே குழந்தைக்கு. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அது பேசாமல் சுருண்டு கிடக்கும். இன்று வாய் ஓயவில்லை. செல்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஊட்டுல இத்தனை பேச மாட்டாளுங்கக்கா” என்றாள்.

நல்ல ட்ரிப். எங்கும் உரசவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மழை. வண்டி எடுக்கவில்லை.

ஜூன் 19, புதன்

சாப்பாட்டு மேசையில் டம்ளரைத் தட்டிவிட்டேன். ரசம் முழுக்கத் தாரணியின் ஆபீஸ் சுடிதாரில் கொட்டிவிட்டது. அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாற்றிக்கொண்டு போக நேரமில்லை.

“கண்ணு டெஸ்ட் பண்ணுன்னு எத்தனை தடவம்மா சொல்றது? கண்ணாடி நம்பர் மாறியிருக்கும்.”

“பண்ணியாச்சு. மாறலை.”

“எப்பப் பண்ணுன?”

“பண்ணுனேன். போ, பஸ்சு போயிரும்.”

ஒரு டம்ளர் தட்டினதற்கு இத்தனை விசாரணை. டம்ளரை அவள்தான் ஓரமாக வைத்திருந்தாள்.

சாயங்கால ட்ரிப் கேட்டு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு மேல் எடுப்பதில்லை என்றேன். தாரணி வீட்டுக்கு வருகிற நேரத்தில் நான் இருந்தால் அவளுக்கு நல்லது.

ஜூன் 27, வியாழன்

மித்ரா விளையாட்டில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். “டேங்கர் லாரி! செவப்புச் சேலை ஆயா! நாய்! பெரியம்மா, ஸ்கூட்டர்க்காரர் வர்றாரு, வர்றாரு, வர்றாரு!”

அவள் மூன்று தடவை சொன்னது நல்லதாகப் போயிற்று. ஈச்சனாரி பக்கத்தில் நான் இடதுபுறம் ஒதுங்கப் போன நேரம் அது. ஸ்கூட்டர் ஆள் உரசிக்கொண்டு போனார். இவர்களெல்லாம் எங்கிருந்துதான் முளைக்கிறார்களோ. செல்வநாயகி சிரித்தாள். “கண்டக்டர் ஆயிருவா போலிருக்குதுங்க.” நானும் சிரித்தேன். 

திரும்பி வரும்போது குழந்தையின் கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. நூற்றுப்பதினான்கு சொல்லிவிட்டதாக எண்ணிக்கை வைத்திருந்தாள்.

ஜூலை 4, வியாழன்

லட்சுமி மில் சிக்னலில் ஒரு ஆள் பைக்கை என் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். “ஏம்மா, கண்ணு அவிஞ்சு போச்சா? ஆரன் அடிச்சுக்கிட்டே வர்றேன், மேல ஏத்தறீங்க?”

பின்னால் இருந்த பயணி, வயதானவர், “அவன் வேகமா வந்தான், விடும்மா” என்றார். ஆனால் அங்கேயே இறங்கிக்கொண்டார். நடந்து போய்விடுவாராம்.

திரை பெரியதானால் மட்டும் போதாது. இந்தச் செட்டில் நாலு பக்கமும் கேமரா மாட்டலாம் என்று ரியாஸ் அன்றைக்கே சொன்னார். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கம் முழுக்கத் திரையில் வரும். மாட்டிவிட்டால் முடிந்தது. செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

கேமரா மாட்டவில்லை.

ஜூலை 10, புதன்

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். காலையிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை.

கேமரா வயரை உள்ளே கொண்டு வர ரியாஸ் டேஷ்போர்டின் பெட்டியைக் கழற்றினார். ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், துடைக்கிற துணி எல்லாவற்றையும் சீட்டில் எடுத்து வைத்தார். நாலாக மடித்த ஒரு தாள் பெட்டிக்குப் பின்னால் நழுவி விழுந்திருந்தது. அதை எடுத்துப் பிரித்தவர் அப்படியே நின்றார்.

“பில்லு எதோ. குடுங்க தம்பி” என்றேன்.

கொடுக்கவில்லை. “எங்க மாமனாருக்கும் இதே படந்தான் எடுத்தாங்கக்கா. கறுப்பா இருக்கற எடமெல்லாம் தெரியாதுன்னாங்க.” பெயரையும் தேதியையும் பார்த்தார். “மரகதமணி, நாப்பத்தெட்டு. மார்ச்சு பத்தொம்பது.”

அவர் என் எதிரே வந்து நின்றார். “என் மூக்கை மட்டும் பாருங்க. கண்ண அசைக்காதீங்க. இந்தக் கையில எத்தனை விரலு?”

“விளையாடாதீங்க தம்பி, வேலையப் பாருங்க.”

“சொல்லுங்கக்கா.”

“ரெண்டு.”

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, “நான் கையே தூக்கலைங்கக்கா” என்றார்.

வயரையெல்லாம் திரும்பச் சுருட்டினார். பெட்டியை இருந்தபடியே மாட்டினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றாக முறுக்கினார். நான் கத்தினேன். கடை வாசலில் நின்று, பத்துப் பேர் பார்க்க, வாடிக்கையாளரிடம் இப்படி நடக்கலாமா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

“நான் மாட்டிக் குடுத்தா நீங்க ஓட்டுவீங்க. கேமராங்கறது வண்டிய நிறுத்தறதுக்குக்கா, ஓட்டறதுக்கில்ல. அது கண்ணாகாது.”

“என் பொழப்பு தம்பி இது.”

“தெரியும்க்கா.”

சாவியை என் கையில் கொடுக்காமல் பானட் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இந்த நோட்டில் மார்ச் 19 தேதியில் ‘வேலை இருந்தது’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். வேலை இதுதான். கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டதாம். இடது கண் பெரும்பகுதி போயிற்று. வலது கண்ணிலும் ஓரம் அரிக்கத் தொடங்கிவிட்டது. டாக்டர் சின்ன வயசுப் பெண். “போனது திரும்பாதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். தினமும் சொட்டு மருந்து விடணும். ரெண்டு மாசத்துல மறுபடி வரணும். வாடகை வண்டி ஓட்டறத இன்னையோட நிறுத்திருங்க” என்றாள். எதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். வரும்போது வண்டியை நான்தான் ஓட்டி வந்தேன். ஒரு பாட்டில் மருந்து விட்டேன். அடுத்தது வாங்கவில்லை.

தாரணியின் அப்பா எங்களை விட்டுப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் கையில் ஒரு தொழிலும் இல்லை. லைசென்ஸ் எடுத்த அன்றைக்குத்தான் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். வண்டி இல்லாமல் நான் யார் என்று அந்த டாக்டர் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 12, வெள்ளி

சரவணம்பட்டியில் ஒரு கடை. கேள்வி ஏதும் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை விரித்து, நாலு கேமராவையும் மாட்டி, கோணம் பார்த்து, மூன்று மணி நேரத்தில் சரி செய்து கொடுத்தார்கள். திரையில் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி தெரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் இடதுபக்கம் முழுக்க வருகிறது.

கேட்டுத் தூணைத் தொடாமல் உள்ளே வந்தேன். தாரணி கைதட்டினாள்.

ஜூலை 16, செவ்வாய்

நான்கு நாளாக ஒரு கீறல் இல்லை.

ஜூலை 18, வியாழன்

மித்ராவுக்கு இன்று ரத்தம் ஏறும்போது உடம்பில் தடிப்பு வந்துவிட்டது. ஊசி போட்டார்கள். அந்த ஊசி தூக்கம் வரவைக்குமாம். மூன்று மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள் செல்வநாயகி. பின்சீட்டில் படுக்க வைத்ததும் குழந்தை தூங்கிப்போயிற்று.

வண்டி கிளம்பியதும் அமைதியாக இருந்தது. இடதுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் திரையைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். செல்வநாயகி களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிணத்துக்கடவுக்கு முன்னால், தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு கடையோரம் ஒதுங்கலாம் என்று இடது இண்டிகேட்டர் போட்டேன். மேற்கு வெயில் நேரே கண்ணாடியில் விழுந்தது. திரை முழுக்க ஒரே வெள்ளை. அதில் எதுவுமே தெரியவில்லை. ஒரு நொடி நிறுத்தியிருக்கலாம். இருக்காது, ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருப்பினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தகரத்தில் எதையோ தட்டினாற்போல இருந்தது.

இறங்கிப் போனேன். ஒரு சைக்கிள் கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு தொங்கியது. சட்டையெல்லாம் தென்னைநார்த் தூசி. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாக நடந்து வந்திருக்கிறார். ஓட்டிக்கூட வரவில்லை.

கூட்டம் கூடியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ என்னைத் திட்டினார்கள். செல்வநாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சத்தத்தில் மித்ரா விழித்துவிட்டாள். அந்த ஆளைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. தேம்பித் தேம்பி அழுதாள்.

“பெரியம்மா, நான் தூங்கிட்டேன். அதான் சொல்லல. நான் தூங்கிட்டேன் பெரியம்மா.”

செல்வநாயகி முதலில் குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த விதம் எனக்குக் கடைசிவரை மறக்காது.  கேட்காமலே எல்லாம் புரிந்துகொண்டாள். குழந்தையை என் பக்கத்திலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த வழியே வந்த ஆட்டோவில் அவர்கள் போய்விட்டார்கள்.

கடைக்காரர் என் வண்டியை ஓட்ட, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு. அவர் பெயர் கந்தவேல், நார் மில்லில் வேலை. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, “அவங்க மேல தப்பில்லீங்க. நானும் எதோ நெனப்புல வந்துட்டேன்” என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தாரணியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், மார்ச்சிலிருந்து. அந்தத் தாளையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் ஆபீசுக்குப் போகவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வலது கண்ணுலயும் போகுதாம்மா?”

“ஓரத்துல.”

“மருந்து விடறியா?”

மார்ச்சில் வாங்கின காலிப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. “எனக்குத்தான் சொல்லல, சரி. அந்தச் சீக்காளிக் கொழந்தைய உனக்குக் கண்ணா வெச்சு ஓட்டியிருக்கியேம்மா. அது இப்ப ஊட்டுல உக்காந்து, தான்தான் ஒரு ஆளக் கீழ தள்ளிட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்கும். அது தெரியுமா உனக்கு?”

அதுவரை நான் அழவில்லை.

வண்டிச் சாவி அவள் கைப்பையில் இருக்கிறது. நான் கேட்கவில்லை. மத்தியானம் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்தாள். அவளே என் கண்ணில் விட்டாள்.

ஜூலை 20, சனி

பஸ்சில் கந்தவேல் வீட்டுக்குப் போனேன். பஸ்சில் ஏறி எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. படி எங்கே முடிகிறது என்று காலால் தடவிப் பார்த்து இறங்கினேன். ஸ்டீயரிங் முன்னால் உட்காரும்போது இந்தப் பயம் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். வந்திருக்கிறது. செட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி மோர் கொண்டு வந்து வைத்தாள். மோரைத் தொடாமல் சொன்னேன்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. எனக்கு இடதுபக்கம் கண்ணு தெரியாது. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில நீங்க சொன்னப்ப நான் வாயத் தொறக்கல.”

அவர் மனைவி மோர் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “கைய ஒடிச்சுப்போட்டு, ரெண்டு நாளு கழிச்சு வந்து சொல்றீங்களே? ஓரமாத்தான வந்தேன், ஓரமாத்தான வந்தேன்னு இந்த மனுசன் ரெண்டு நாளாப் பொலம்பறாருங்க. புத்தி தடுமாறிப்போச்சோன்னு எனக்கு ஒரே பயம்.”

கந்தவேல் எழுந்து உட்கார்ந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே, “அப்ப நான் ஓரமாத்தான் வந்திருக்கேன்” என்றார். அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்குக் கூசியது.

“கேசு குடுங்க. நானே கூட வர்றேன்” என்றேன்.

ஜூலை 22, திங்கள்

அவருடன் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார்: “தெரிஞ்சேவா ஓட்டுனீங்க?” இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். கேஸ் நடக்கும்.

ஜூலை 25, வியாழன்

செல்வநாயகி போனை எடுக்கவேயில்லை. அதனால் நேரில் போனேன். தாரணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“மித்ராகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன் செல்வநாயகி. நீ பக்கத்துலயே நில்லு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். மித்ரா வந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருகிற குழந்தை. நான் வாசலில் குந்தி உட்கார்ந்தேன்.

“சாமி, அந்தத் தாத்தா கீழ விழுந்ததுக்கு நீ காரணமில்ல. வண்டி ஓட்டறவங்கதான் எல்லாப் பக்கமும் பாக்கணும். பெரியம்மாவுக்குக் கண்ணுல சீக்கு. அத மறைச்சுட்டு உன்னையப் பாக்கச் சொன்னேன். வெளையாட்டுன்னு பொய் சொன்னேன்.”

“அப்ப நான் அவுட்டில்லையா?”

“இல்ல. தப்பாட்டம் ஆடுனது நானு.”

“தாத்தாவுக்குக் கை வலிக்குதா?”

“வலிக்குது. ஆறு வாரத்துல சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையசைத்ததும் உள்ளே ஓடிவிட்டாள். என்னிடம் வரவில்லை.

நான் எழுந்தேன். செல்வநாயகி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அவகிட்டச் சொல்லிட்டீங்க. எங்கிட்ட?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மார்ச்சுல.”

விரல் விட்டு எண்ணினாள். “ஏப்ரல்ல ரெண்டு. மே ஒண்ணு. ஜூன்ல ரெண்டு. இந்த மாசம் ஒண்ணு. ஆறு தடவ எம் புள்ளைய ஏத்திட்டுப் போயிருக்கீங்க.” குரல் உயரவில்லை. “பஸ்சுல காய்ச்சல் வந்துரும்னு உங்களக் கூப்புட்டேனுங்கக்கா. ஆம்பளை டிரைவர்னா பயம்னு உங்களக் கூப்புட்டேன். உங்க வண்டியிலதான் நான் கண்ண மூடுவேன். ஊட்டுலகூட எனக்குத் தூக்கம் வராது.”

“மன்னிச்சுரு” என்றேன். அந்த வார்த்தை மிகச் சின்னதாக இருந்தது.

“இப்ப முடியாதுங்க” என்றாள். கதவைச் சாத்தினாள். அறையவில்லை; மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சொட்டு மருந்து காலை ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. தாரணி காலண்டரில் கோடு போட்டு வைக்கிறாள். கண் எரிகிறது.

ஸ்டாண்டில் ஓட்டுகிற ஜெசிந்தாவிடம் வண்டியைக் கொடுத்துவிட்டேன். ஓட்டிப் பழகின கை. அவள் முதலில் செய்த வேலை, செட்டின் சத்தத்தைக் குறைத்ததுதான். “காது அடைக்குதுக்கா” என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

மத்தியானம் செல்வநாயகி போன் செய்தாள். 

“வண்டிய வேற யாரோ ஓட்டறாங்களாமா?”

“ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. ஒம்போது வருசமா ஓட்டறா. கண்ணு நல்லா இருக்குது. நான் விசாரிச்சுட்டேன்.”

“நம்பர் குடுங்க.”

கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.  வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஏழரைக்கு ஜெசிந்தா கிணத்துக்கடவில் இருந்தாள். நாலரைக்குத் திரும்பக் கொண்டு விட்டாளாம். குழந்தை வழி முழுக்க அம்மா மடியில் தூங்கிற்றாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தாரணி லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மறுபடி அந்தப் பரிசோதனை. இருட்டு அறையில், ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கிற புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கெங்கோ சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன். மார்ச்சில் நான் தெரியாததற்கெல்லாம் அழுத்தினேன். சும்மா ஒரு கணக்கு வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்படியும் அவ்வளவு கறுப்பு வந்தது. அப்படியென்றால் உண்மையில் எவ்வளவோ, எனக்கே தெரியாது.

வலது கண்ணை மூடிக் கட்டினார்கள். இயந்திரம் ‘டிக்’ என்றது. புள்ளியைப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒன்று மின்னியது, அழுத்தினேன். இன்னொன்று, அழுத்தினேன். அப்புறம் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் துடித்தது. பட்டனிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டேன்.

பரிசோதனை செய்கிற பெண் இருட்டிலிருந்து கூப்பிட்டாள். “அம்மா, முழிச்சுத்தான இருக்கீங்க? ரொம்ப நேரமா அழுத்தவே இல்லையே?”

“முழிச்சுத்தான் இருக்கேன் கண்ணு. தெரியறப்ப அழுத்தறேன்.”